அந்தக் குளிர்காலத்தில் பெரிய ஆட்டக்காரர் யார்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லியிருப்பேன். வேண்டுமென்று செய்ததில்லை, மறதி வந்து ரொம்ப நாளாகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போய் அங்கேயே நின்றுவிடுகிற ஆள் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

டில்லியில் நாலாச் சாக்கடை ஓரத்துக் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள், சேர்த்துப் புத்தகமாகப் போடலாம், கேம்ப்தான் இல்லாமல் போயிற்று, எழுத்திலாவது இருக்கட்டும் என்று நம் கோடி வீட்டுக்காரர் மகள் வந்து கேட்டாள். எனக்கு என்ன தெரியும் என்றுதான் சொன்னேன். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். குழாயடியில் என் குடம் கடைசியில்தான் நிற்கும், யார் முந்தினாலும் கேட்க மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

பிறகு ஒரு சாயங்காலம். கேம்ப்பை இடித்த பிறகு எங்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிற இந்த ஊர்க்கோடி அடுக்கு வீட்டின் கீழே நாலைந்து பையன்கள் இந்தியில் சண்டை போட்டார்கள். நான் பால்கனியில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அடிதடியாகப் போகிறதே என்று எட்டிப் பார்த்தால், அமெரிக்காவில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களில் இன்றைக்கு யார் பெரிய ஆட்டக்காரர் என்று சண்டை. ஒருவன், வயதான ஒருவரைச் சொல்லி இன்னும் அவர்தான் என்கிறான். ஒருவன், வேறு தேசத்திலிருந்து அங்கே போய் ஆடுகிற ஒரு தடியரைச் சொல்கிறான். இன்னொருவன், தூரத்திலிருந்தே போடுகிறவர்தான் என்கிறான். போனில் ஆட்டத்தைக் காட்டிக் காட்டிக் கத்துகிறார்கள். அவர்களில் ஒருவனும் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான். இங்கே மைதானமே கிடையாது.

எனக்குக் கீரை ஆயக் கை ஓடவில்லை. இதே சண்டையை நான் சின்னப் பெண்ணாக ஒரு குளிர்காலம் பூராவும் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு பக்கம் எங்கள் சித்தப்பா.

உங்களில் மூத்தவர்களுக்கு அந்த மைதானம் நினைவிருக்கும். நாலாவைத் தாண்டி, குவார்ட்டர்ஸ் வரிசை முடிகிற இடத்தில் இருந்தது. ஒரு பெரிய டிபார்ட்மென்ட்டுடையது. எதற்குப் பெயர், வேண்டாம். சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் மரப் பலகையில் வளையம், வளையத்தில் நூல் வலை. குளிர்காலத்தில் பந்து சிமென்ட்டில் விழுகிற சத்தம் நம் கேம்ப் வரைக்கும் கேட்கும். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

சித்தப்பா எங்கள் நைனாவின் தம்பி. விழுப்புரம் பக்கத்திலிருந்து நைனாவோடு சித்தாள் வேலைக்கு வந்தவர். அந்த மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினார்களே, அந்த வேலைக்குத்தான் முதலில் போனார். கட்டட வேலையில் கீழே நிற்கிறவர் செங்கல்லை மேலே வீசுவார், சாரத்தில் நிற்கிறவர் பிடித்து அடுத்தவருக்கு விடுவார், பார்த்திருப்பீர்கள். பிடிக்கிறவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. சித்தப்பா கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு பிடிப்பார், அடுத்தவர் கை எங்கே இருக்கிறதோ அங்கே விடுவார். செங்கல் கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், அடிக்காது என்று நைனா சொல்வார்.

ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்தவர்களின் பந்து சாரத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒருவர் கையை நீட்டி, போடு போடு என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா அவருக்குப் போடவில்லை. வளையத்துக்குக் கீழே யாரும் மறிக்காமல் தனியாக நின்ற நெட்டை சர்தாருக்கு நேராக விட்டார். அவர் பிடித்தார், அப்படியே வளையத்தில் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, “அரே மத்ராசி, இதர் ஆ!” என்று கையாட்டிக் கூப்பிட்டார். அப்படித்தான் சித்தப்பா பாஸ்கெட்பால் ஆடப் போனது.

டிபார்ட்மென்ட்டில் அவரைக் கச்சா வேலையில் வைத்தார்கள். கச்சா என்றால் தினக்கூலி, சீசன் முடிந்தால் போகச் சொல்லலாம். காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிச் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மற்ற டிபார்ட்மென்ட்டுகளோடு மேட்ச். அந்த நெட்டை சர்தாரும் அப்படிக் கச்சாவில் இருந்தவர்தான். எல்லையைத் தாண்டி அகதியாக வந்த குடும்பம் என்று சொல்வார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ இருந்தது. யாரோ போட்டுக் கழித்தது, ஒரு அளவு சின்னது. கட்டைவிரல் போக முன்னால் பிளேடால் கீறியிருந்தார். கோடு போட்டு மிச்சமாகும் சுண்ணாம்பைக் குழைத்து என் அம்மா அதன்மேல் பூசி வெயிலில் வைப்பாள். அவர் எம்பிக் குதித்து இறங்கும்போது காலடியில் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பும். அந்தப் புகையைப் பார்ப்பதற்கென்றே நான் போவேன்.

மைதானத்து வாசலில் சாய்க்கடை, நம் ஊர் டீக்கடை மாதிரி. பஞ்சாபிக்காரர் நடத்தினார். பக்கத்தில் ஒருவன் சக்கரவள்ளிக் கிழங்கைத் தணலில் சுட்டு எலுமிச்சை பிழிந்து கொடுப்பான். குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். ஆம்பிளைகளுக்கு ஆட்டத்தைவிட அதற்குப் பிறகு நடக்கும் சண்டைதான் முக்கியம். டில்லியில் இன்றைக்கு யார் பெரிய ஆட்டக்காரர்? சர்தாரா, மத்ராசியா?

சர்தார் பக்கம் பேசுகிறவர்களில் பெரிய வாய் குவார்ட்டர்ஸ் கிளார்க் சார். தஞ்சாவூர்க்காரர். நம் பக்கத்தில் பியூன் மாமா. அவர் அதே டிபார்ட்மென்ட்டில் பியூன், நம் கேம்ப்பில் எங்கள் எதிர் ஜுக்கி, எதிர்க் குடிசை.

“இந்தக் கதையெல்லாம் வேண்டாம்ப்பா. கேம் முடிஞ்சா போர்டுல என்ன எழுதறா? யார் எவ்வளவு பாயிண்ட்டுன்னுதானே? பாதிக்கு மேல சர்தார் போட்டது. உங்க ஆள் போட்டது எங்கே? தேடிப் பார்க்கணும்” என்பார் கிளார்க் சார்.

“சார், கல்யாண ஊட்டுல சாப்ட்டவன எண்ணுவீங்க. பரிமார்னவன எண்ண மாட்டீங்க. பந்து யாரு குடுத்தது, அத சொல்லுங்க.”

இஸ்திரிக்காரர் கரியை ஊதிக்கொண்டே நடுவில் விழுவார். “அது சரி மாமா, ஆனா மாலை யாருக்குப் போடுறாங்க? பரிமார்னவனுக்கா? மாப்ளைக்குத்தான.”

“நீ பொட்டிய பாரு, ஐயா சட்ட கருவுது!”

எல்லோரும் சிரிப்பார்கள். சாய்க்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே, “தோனோ சேர் ஹைன் பாய், தோனோ சேர்” என்பார். இரண்டும் சிங்கம்தானாம். சிங்கம் யாராக இருந்தாலும் அவருக்கு சாய் விற்க வேண்டும்.

ஒரு தடவை சர்தாரையே நிறுத்திக் கேட்டார்கள். அவர் தலைப்பாகையைச் சரிபண்ணிக்கொண்டு, “முஜ்ஸே மத் பூச்சோ. மை தோ கடா ரெஹ்தா ஹூன், கேந்த் அப்னே ஆப் ஆ ஜாத்தி ஹை” என்றார். என்னைக் கேட்காதீர்கள், நான் சும்மா நிற்கிறேன், பந்து தானாக வந்து சேருகிறது என்று அர்த்தம். பியூன் மாமா மேசையைத் தட்டினார். “கேட்டீங்களா சார்? அவரே சொல்ட்டாரு!”

“அது அவன் பெருந்தன்மை ஓய்” என்றார் கிளார்க் சார், விடாமல்.

சித்தப்பாவைக் கேட்டால் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவார். கட்டியிருந்தாலும் அவிழ்த்துக் கட்டுவார். கூச்சத்தில் எங்கள் குடும்பமே அப்படி.

இப்போது ஒரு ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பாத்திரம் தேய்க்கிற வீடு அவருடையது. அவரும் நம் தமிழ்க்காரர். அந்த டிபார்ட்மென்ட்டில் பெரிய ஆள், டீம் காரியங்களைப் பார்க்கிற மூன்று பேரில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மடக்கு நாற்காலியோடும் மஃப்ளரோடும் வருவார். யாரோடும் கத்திப் பேச மாட்டார். அவருக்கு பிளாஸ்க்கில் காபி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்ப்பேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த சிநேகிதரிடம் சொன்னார்: “எல்லாரும் பந்து விழற இடத்தையே பாக்கறா. அந்தப் பையன் கையைப் பாருங்கோ. அவன் இல்லேன்னா சர்தார் வெறும் கம்பம்.”

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாம்பல் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் செய்தி வந்தது. கச்சாவில் ஆடுகிறவர்களில் ஒருவரைப் பக்கா வேலைக்கு, நிரந்தரமாக, எடுக்கப் போகிறார்கள். ஒரே ஒருவர். சீசன் கடைசி மேட்ச்சைப் பார்த்துவிட்டு அந்த மூன்று ஆபீசர்களும் கை தூக்கி முடிவு செய்வார்கள். நம் ஆபீசர், ஒரு வங்காளிக்காரர், ஒரு பஞ்சாபிக்காரர்.

பக்கா வேலை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டே சொல்வாள்: “குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கடி. உள்ளாறவே கொழா. உள்ளாறவே கக்கூசு. மழ பேஞ்சா நாலாத் தண்ணி ஊட்டுக்குள்ள வராது.”

“சித்தப்பாக்குத்தான குடுப்பாங்க?”

“ஏன்டி, சித்தப்பா வேற நாம வேறயா? நீ குவார்ட்டர்ஸ் புள்ளைங்களோட பஸ்ஸுல போயி ஆறாவது படிப்ப.”

அந்த வருஷம் எனக்கு ஐந்தாம் வகுப்பு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும் என்றுகூட முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

கேம்ப்பில் எல்லோரும் நிச்சயம் பண்ணிவிட்டார்கள். மூன்று பேரில் ஒருவர் நம்ம ஆள். அவர் முதலில் கை தூக்கினால் மற்றவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள்? இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஊரில் அவர் தெருவுக்குள் நாம் செருப்புப் போட்டு நடந்திருக்க முடியாது. இங்கே அவர் வீட்டுப் பின்வாசல் வரைக்கும் அம்மா போனாள், அங்கிருந்து உள்ளே போனதில்லை. ஆனாலும் டில்லியில் தமிழ் பேசுகிறவர் யாராக இருந்தாலும் நமக்கு நம்ம ஆள். குளிரில் நடுங்கிக்கொண்டு இந்தி தெரியாமல் நின்றவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

பெண்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். அம்மா ஆபீசர் வீட்டு மாமியிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தாள். “அவர்ட்ட சொல்றேன், பாக்கலாம்” என்றாராம் மாமி. பியூன் மாமாதான் சும்மா இருக்க முடியாமல் சாய்க்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“போர்டுல எழுதறத உடு சார். கை தூக்கப் போறது யாரு? எங்க ஐயா! எங்க ஆளு எங்க ஆள உட்டுடுவாரா?”

கிளார்க் சார் எழுந்தார். சாயை வைத்துவிட்டுப் போய்விட்டார். சண்டைக்கு வராமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. அப்போது பியூன் மாமா, ஜெயித்துவிட்டோம் என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு பேச்சு மாறிப்போயிற்று. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று யாரும் பேசவில்லை. மத்ராசி சாஹப் மத்ராசியைத்தான் எடுப்பார் என்று பேசினார்கள். நான் பிளாஸ்க் எடுத்துக்கொண்டு போனால் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பின்னாலேயே வந்து அதையே பாட்டாகப் பாடுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீசர் வீட்டுப் பின்வாசலில் நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். உள்ளே அவர் மாமியிடம் பேசியது கேட்டது.

“இவா ஊர் பூரா சொல்லிண்டு திரியறா. இன்னிக்குக் கேன்டீன்ல என் காது படவே பேசறான்கள். நம்ம மனுஷான்னு நான் கையைத் தூக்கினேன்னா இத்தனை வருஷ சர்வீஸுக்கு என்ன மரியாதை?”

“பையன் நன்னா ஆடறான்னு நீங்கதானே சொன்னேள்?”

“அதான் சங்கடம். நன்னா ஆடாதவனா இருந்தா யோசனையே இல்லை.”

அப்புறம் டம்ளர் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டதையெல்லாம் அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாலாப் பாலத்தில் நின்றுவிட்டாள். “நம்ம மனுஷான்னு சொன்னாரா? அவரு வாயாலயா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மற்றது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஏறினாலும், பெரியவர்கள் அப்படி நாலு வார்த்தை பிகு பண்ணித்தான் செய்வார்கள் என்று நினைத்திருப்பாள். அன்று சாயங்காலம் கேம்ப்பில் ஒரு ஜுக்கி பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். ஐயா நம்மை நம்ம மனுஷா என்று சொல்லிவிட்டாராம்.

கடைசி மேட்ச் அன்று பனி விலக ரொம்ப நேரம் ஆயிற்று. மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் தெரியவில்லை. மூன்று ஆபீசர்களும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“டேய், இன்னிக்கி ஒரு நாளு நீயே போடு. யாருக்கும் குடுக்காத. பாயிண்ட் ஏறட்டும்.”

“சரிண்ணா.”

சித்தப்பா அப்படியே ஆடிப் பார்த்தார். தானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. மறுபடி போட்டார், மறுபடி போயிற்று. அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிட்டார். சர்தார் எங்கே இருக்கிறாரோ அங்கே பந்து இருந்தது. இடைவேளையில் நைனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதற்கு, “கை கேக்க மாட்டுதுண்ணா” என்றார். செங்கல்லைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாத கை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிர் டீமின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு சித்தப்பா ஓடினார். முன்னால் வளையம் காலியாக இருந்தது. கேம்ப் பூராவும் எழுந்து நின்று, “போடு! போடு!” என்று கத்தினோம். அம்மா கத்தினாள். நானும் கத்தினேன், வாழ்நாளில் நான் வாய்விட்டுக் கத்தியது அது ஒன்றுதான். சித்தப்பா எம்பினார். எம்பியவர் போடவில்லை. திரும்பிப் பார்க்காமல் தோளுக்குமேல் பின்னால் விட்டார். அவர் மேலே பாய வந்தவன் வெறுங்கையோடு விழுந்தான். பின்னால் ஓடி வந்த சர்தார் பிடித்துப் போட்டார். வலை சத்தம் கேட்டது.

சர்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சித்தப்பா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். நான் நம் ஆபீசரைப் பார்த்தேன். அந்தப் பந்து சித்தப்பா கையை விட்டுப் போனபோது அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். கை தட்டுவதற்கு இரண்டு கையும் பக்கத்தில் வந்திருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கையைத் தட்டாமல் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பியூன் மாமா வந்தார். தூரத்தில் வரும்போதே அம்மா எழுந்து நின்றாள். அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சர்தாருக்கு ஆயிடிச்சி.”

“சும்மா சொல்லாத” என்றாள் அம்மா.

அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னார். அந்த அறைக்குள் சாய் கொண்டுபோனது அவர்தான். வங்காளி ஆபீசரும் பஞ்சாபி ஆபீசரும் நம் ஆபீசரைப் பார்த்து, உங்கள் பக்கத்துப் பையன், உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே முதலில் சொல்லுங்கள், எங்களுக்கும் அவன்தான் என்று தோன்றுகிறது என்றார்களாம். நம் ஆபீசர் ரொம்ப நேரம் சாயைக் கலக்கினாராம். பிறகு, பாயிண்ட் சர்தாருக்குத்தான் அதிகம், அந்தப் பையனைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாராம். மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சாபி ஆபீசர் மெதுவாகச் சொன்னாராம்: அவன் ஆளே அவனுக்குக் கை தூக்கவில்லை என்றால் ஏதோ இருக்க வேண்டும். குடியோ என்னவோ. நமக்கு எதற்கு வம்பு?

மூன்று கையும் சர்தாருக்குத் தூக்கினார்கள்.

மூன்று பேருக்கும் சித்தப்பாதான் என்று தோன்றியிருக்கிறது. ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. இதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கு இப்படித்தான் வருகிறது.

நைனா, “அவரு இன்னா பண்ணுவாரு. நாமதான ஊரெல்லாம் கொட்டு அடிச்சோம்” என்றார். பியூன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அடுப்பு பிடிக்கவில்லை, அன்றைக்குக் கரி ஈரம்.

சித்தப்பாதான் பேசினார். “இல்ல மாமா. சர்தாருதான் நல்லா ஆட்னாரு. பாயிண்ட் பாத்தீங்க இல்ல?”

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதையே சொன்னார். கிளார்க் சார் சொன்ன அதே பேச்சு. அவர் மனதார நம்பித்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் அப்படியெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை.

சர்தார் எங்கள் ஜுக்கிக்கு வந்தார். அவ்வளவு பெரிய ஆள் மடங்கி உள்ளே நுழைந்து தரையில் உட்கார்ந்து அழுதார். “தூ நே தியா, மைனே டாலா. நௌகரி முஜே கைஸே?” நீ கொடுத்தாய், நான் போட்டேன், வேலை மட்டும் எனக்கு எப்படி என்கிறார். எனக்கு வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது. அவர் வீட்டிலும் உலை அதை நம்பித்தான் இருந்தது. சித்தப்பா அவர் முதுகைத் தடவிக்கொண்டு, “சல் யார், சாய் பீ” என்றார், விடப்பா, சாய் குடி என்று. அம்மா இருவருக்கும் சாய் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை இல்லை.

சீசன் முடிந்ததும் கச்சா ஆட்களை நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா காண்டிராக்டரிடம் சாக்கடை வாருகிற வேலைக்குப் போனார். நம் நாலாவிலேயே நின்று சேறு அள்ளிய சட்டியை மேலே கொடுப்பார். அடுத்த குளிர்காலம் சர்தார் பழையபடி வளையத்துக்குக் கீழே நின்றார், பந்து தானாக வரவில்லை என்று பியூன் மாமா சொல்வார். சாய்க்கடையில் வேறு இரண்டு பேரை வைத்துச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்களாம். சர்தாரை எங்கேயோ மாற்றல் பண்ணிவிட்டார்கள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவோடு அதே பின்வாசலில் உட்கார்ந்தேன். ஆபீசர் அதற்குப் பிறகு அம்மா முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. ஒரு மழைக்காலத்தில் நாலாத் தண்ணீர் எங்கள் ஜுக்கிக்குள் வந்தபோது மாமியிடம் கம்பளி கொடுத்தனுப்பினார். அந்தத் தண்ணீரில்தான் சித்தப்பாவின் ஷூ போயிற்று. அவர் தேடவும் இல்லை.

ஆபீசர் ரிடையர் ஆன அன்று நடந்த கூட்டத்தில், என் ஜனம் என்பதற்காக ஒரு நாளும் நான் யாருக்கும் கை தூக்கியதில்லை என்று பேசினாராம். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கும். இது விளங்க எனக்கு இவ்வளவு வயதாயிற்று. விளங்கி என்ன ஆகப் போகிறது.

சித்தப்பா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நாலா வேலையில் நெஞ்சு கெட்டுப்போய், கேம்ப்பை இடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். இடித்த அன்று எல்லோரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவருடையது என்று எடுக்க எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. மைதானம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

இதைப் படிப்பவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. கடைசி மேட்ச் பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா, சர்தாரின் தலைப்பாகை நீலமா பச்சையா, இஸ்திரிக்காரர் சேலமா தர்மபுரியா, இதெல்லாம் எனக்கு நினைவில்லை, தெரிந்தவர்கள் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்பது வேறு. சித்தப்பாதான் அந்த வருஷம் பெரிய ஆட்டக்காரர் என்று நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று ஆபீசர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது என்று வந்து சொன்னவர் பியூன் மாமா. அவர் நம் ஆள். அந்தப் பையன் கையைப் பாருங்கோ என்ற ஆபீசரும் நம் ஆள் என்றுதானே சொன்னோம். பார்த்தவள் நான், சித்தப்பாவின் அண்ணன் மகள். நம் ஆள் சொன்னால் செல்லாது. சர்தார் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது பெருந்தன்மை என்று கிளார்க் சார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் பாயிண்ட் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் அந்த மைதானத்தில் ஆட்டம் பார்த்தவர்களில், நமக்கு எந்த விதத்திலும் ஆள் இல்லாத ஒருவர் எங்கேயாவது உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். சாய்க்காரர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. சர்தாரும் போய்விட்டார் என்று கேள்வி. எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.